சமநோக்கு வளைகோட்டின் பண்புகள்: இவற்றில் எது தர்க்கம், எது அனுமானம்?

நான்காம்பருவம் எழுதியது:

வணக்கம். நுகர்வோர் தேர்வுக் கோட்பாடு படித்துக்கொண்டிருக்கிறேன். சமநோக்கு வளைகோட்டின் பண்புகள் என்று எந்தப் பாடநூலைத் திறந்தாலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் வருகிறது. இடமிருந்து வலமாகக் கீழ்நோக்கிச் சரியும், ஆதிப்புள்ளியை நோக்கிக் குவிந்திருக்கும், ஒன்றை ஒன்று வெட்டாது, மேலே இருக்கும் கோடு அதிக மனநிறைவைக் காட்டும், அச்சுகளைத் தொடாது, இணையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது, ஆனால் இவை ஏன் உண்மை என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

முக்கியமாக ஒரு குழப்பம். கோடு ஏன் குவிந்திருக்கிறது என்பதற்கு என் குறிப்பேட்டில் "குறைந்து செல்லும் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி" (ஒரு பொருள் கூடக் கூட, கடைசியாகச் சேரும் ஒவ்வொன்றும் தரும் பயன் குறையும் என்பது) என்று காரணம் இருக்கிறது. ஆனால் இந்த அத்தியாயமே பயன்பாட்டை எண்ணால் அளக்க முடியாது, வரிசைப்படுத்த மட்டும்தான் முடியும் என்று சொல்லித்தானே ஆரம்பிக்கிறது? அளக்க முடியாத ஒன்று குறைகிறது என்று எப்படிச் சொல்வது? அப்புறம், இடது காலணியும் வலது காலணியும் என்று வந்தால் கோடு ட மாதிரி வளைகிறது. அப்போது "கீழ்நோக்கிச் சரியும்" என்பது என்ன ஆயிற்று?

விலைக்கோடு எழுதியது:

நல்ல கேள்வி, இதைக் கேட்காமலேயே பட்டம் வாங்கிப் போகிறவர்கள் நிறைய. சிக்கல் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆறு பண்புகளும் ஒரே தரத்தில் இருப்பது போல வரிசையாக அச்சிடுகிறார்கள். ஆனால் அவை ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. சில, நுகர்வோர் முன்னுக்குப் பின் முரணில்லாமல் தேர்வு செய்கிறார் என்ற ஒன்றிலிருந்தே கிடைத்துவிடும். சிலவற்றுக்கு "அதிகம் கிடைத்தால் நல்லது" என்ற கூடுதல் அனுமானம் வேண்டும். குவிவு என்பது முற்றிலும் தனியான அனுமானம், அதை வேறு எதிலிருந்தும் வரவழைக்க முடியாது. அச்சைத் தொடாது என்பதோ பண்பே இல்லை என்பது என் கருத்து, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கோடு என்றால் என்ன என்பதில் உறுதியாக இருங்கள். இரண்டு பொருள்கள், பேனாவும் நோட்டும் என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியும் இத்தனை பேனா, இத்தனை நோட்டு என்ற ஒரு தொகுப்பு. ஏதாவது ஒரு தொகுப்பை எடுத்து, "இதற்குப் பதில் வேறு எதைக் கொடுத்தாலும் எனக்கு ஒன்றுதான்" என்று நுகர்வோர் சொல்லும் எல்லாத் தொகுப்புகளையும் சேர்த்தால் வருவதுதான் சமநோக்கு வளைகோடு. நிலப்படத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்து வரையும் சமவுயரக் கோடு மாதிரி. ஒரே ஒரு வித்தியாசம்: நிலப்படத்தில் உயரத்தை மீட்டரில் சொல்லலாம், இங்கே எது மேலே எது கீழே என்பதை மட்டும்தான் சொல்லலாம். கோட்டின் மேல் 10, 20 என்று எழுதினால் அது வெறும் அடையாள எண். 20 என்ற கோட்டில் இருப்பவருக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி என்று அர்த்தம் இல்லை, 10க்குப் பதில் 3 என்றும் 20க்குப் பதில் 7,000 என்றும் எழுதினாலும் படம் மாறாது.

இப்போது சரிவு. ஒரு புள்ளியிலிருந்து வலப்பக்கம் மேலே போனால் பேனாவும் கூடுகிறது நோட்டும் கூடுகிறது. இரண்டும் வேண்டிய பொருள்கள் என்றால் அந்த இடம் பழைய இடத்தைவிட நல்லது, ஆகவே அதே கோட்டில் இருக்க முடியாது. இடப்பக்கம் கீழே போனால் இரண்டும் குறைகிறது, அதுவும் முடியாது. மிஞ்சுவது ஒன்று கூடி ஒன்று குறையும் திசைகள் மட்டுமே, அதனால் கோடு சரிந்தே ஆக வேண்டும். இதில் பயன்பட்டது "அதிகம் நல்லது" என்பது மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள். அதை எடுத்துவிட்டால் சரிவும் போய்விடும். ஒரு அச்சில் குப்பையையோ சத்தத்தையோ வைத்தால் கோடு மேல்நோக்கி ஏறும், ஏனென்றால் அதிகச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள மற்றப் பொருள் அதிகமாகக் கிடைக்க வேண்டும். எதுவும் ஓரளவுக்கு மேல் திகட்டும் என்றால் கோடுகள் ஒரு மையத்தைச் சுற்றி மூடிய வளையங்களாகவே வரும்.

காலணிக் கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ஒரே வலது காலணியை வைத்துக்கொண்டு இடது காலணி மட்டும் கூடினால் ஒரு நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. இரண்டும் சேர்ந்து கூடினால்தான் நன்மை. "ஏதாவது ஒன்று கூடினாலே நல்லது" என்ற கடுமையான வடிவத்தை விட்டுவிட்டு "இரண்டும் கூடினால் நல்லது" என்ற மென்மையான வடிவத்தை எடுத்தால் கோடு சில இடங்களில் கிடையாகவோ செங்குத்தாகவோ போகலாம், ஏறத்தான் கூடாது. ட வடிவம் அதற்குள் அடங்கிவிடும்.

கணிதவழி எழுதியது:

வெட்டாது என்பதைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லட்டுமா. பாடநூலில் வழக்கமாக வரும் நிரூபணம் இது: இரண்டு கோடுகள் க என்ற புள்ளியில் வெட்டுகின்றன. ஒரு கோட்டில் ச, மற்றதில் த, அதில் த என்பது ச-வைவிட இரண்டு பொருளிலும் அதிகம். க-வும் ச-வும் சமம், க-வும் த-வும் சமம், ஆகவே ச-வும் த-வும் சமம். ஆனால் த-வில் எல்லாமே அதிகம், எனவே அது ச-வைவிட நல்லது. முரண்பாடு, முடிந்தது.

நிரூபணத்தில் தவறில்லை. ஆனால் தேவைக்கு அதிகமாக ஒன்றைப் பயன்படுத்துகிறது. க-வும் ச-வும் சமம், க-வும் த-வும் சமம் என்றால் ச-வும் த-வும் சமம், அதாவது எல்லாம் ஒரே சமநோக்குத் தொகுதி. அப்படியானால் அவை இரண்டு வெவ்வேறு மனநிறைவு நிலைகளைக் காட்டும் கோடுகள் என்று ஆரம்பத்தில் சொன்னதே உடைந்துவிடுகிறது. அதிகம் நல்லதா கெட்டதா என்ற பேச்சே வரவில்லை. கடப்புத் தன்மை ஒன்று போதும்: முதலாவது இரண்டாவதற்குச் சமம், இரண்டாவது மூன்றாவதற்குச் சமம் என்றால் முதலாவதும் மூன்றாவதும் சமம். சத்தம், குப்பை, திகட்டுதல் என்று எதைக் கொண்டுவந்தாலும், கோடு வட்டமாகவே இருந்தாலும், வெவ்வேறு நிலைக் கோடுகள் வெட்டா. தொடவும் தொடா, தொடும் புள்ளியை வைத்து இதே வாதத்தைச் சொல்லலாம். இந்தப் பண்புக்கு மட்டும் நுகர்வோரின் ருசியைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

எந்த இரண்டு தொகுப்புகளையும் ஒப்பிட அவரால் முடியும் என்ற முழுமைத் தன்மையையும் சேர்த்துக்கொண்டால், படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஏதாவது ஒரு நிலையில் கட்டாயம் வந்துவிடும், ஒன்றில் மட்டுமே வரும்.

பக்கக்குறிப்பு எழுதியது:

கணிதவழி சொன்னதில் ஒரு சின்ன இடைவெளி தெரிகிறது. சமமான தொகுப்புகள் எல்லாம் சேர்ந்தால் கோடுதான் வரும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அகலமான ஒரு பட்டையாக வரக் கூடாதா?

கணிதவழி எழுதியது:

வரலாம், கடப்புத் தன்மை அதைத் தடுக்காது. பட்டையைத் தடுப்பது "அதிகம் நல்லது" என்பதுதான். பட்டைக்குள் ஒரு புள்ளியை எடுத்தால் அதற்குச் சற்று வலப்பக்கம் மேலேயும் பட்டைக்குள்ளேயே ஒரு புள்ளி இருக்கும், அதில் இரண்டும் அதிகம், ஆனாலும் சமம் என்றாகிவிடும். ஆகவே கோடு மெல்லியது என்பது விலைக்கோடு சொன்ன சரிவோடு ஒரே குடும்பம். மேலே உள்ள கோடு உயர்ந்த நிலை என்பதும் அதே குடும்பம்தான்.

விலைக்கோடு எழுதியது:

இப்போது குவிவுக்கு வருவோம், நான்காம்பருவம் கேட்ட கேள்வியின் மையம் அதுதான்.

ஒரு கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பேனா எண்ணிக்கையையும் நோட்டு எண்ணிக்கையையும் பெருக்கினால் 12 வரும் எல்லாத் தொகுப்புகளும் ஒருவருக்குச் சமம் என்று வைப்போம். 1 பேனா 12 நோட்டு, 2 பேனா 6 நோட்டு, 3 பேனா 4 நோட்டு, 4 பேனா 3 நோட்டு. முதல் நிலையில் ஒரே பேனாதான், நோட்டு குவிந்து கிடக்கிறது, இன்னொரு பேனாவுக்காக 6 நோட்டுகளை விட்டுக்கொடுக்கத் தயார். அடுத்த பேனாவுக்கு 2 நோட்டு, அதற்கடுத்த பேனாவுக்கு 1 நோட்டு. விட்டுக்கொடுக்கும் அளவுதான் இறுதிநிலைப் பதிலீட்டு வீதம், அதுவே கோட்டின் சாய்வு. 6, 2, 1 என்று அது குறைந்துகொண்டே போவதால் கோடு ஆரம்பத்தில் செங்குத்தாகவும் போகப் போகத் தட்டையாகவும் ஆகிறது. ஆதிப்புள்ளியை நோக்கிக் குவிந்திருக்கிறது என்பதன் பொருள் இவ்வளவுதான்.

இதையே இன்னொரு விதமாகவும் சொல்லலாம், எனக்கு இதுதான் தெளிவாகப் படுகிறது: சமமான இரண்டு தொகுப்புகளை எடுத்து ஆளுக்குப் பாதியாகக் கலந்தால், கலவை அந்த இரண்டையும்விடக் குறைந்ததாக இருக்காது. 2 பேனா 6 நோட்டு, 6 பேனா 2 நோட்டு இரண்டும் 12. நடுவில் 4 பேனா 4 நோட்டு, அது 16. ஓரம் ஓரமாக இருப்பதைவிடக் கலந்து இருப்பது அவருக்குப் பிடிக்கிறது.

இது முரணின்மையிலிருந்து வரவில்லை. அதிகம் நல்லது என்பதிலிருந்தும் வரவில்லை. கலவையை வெறுக்கும் ஒருவர் எந்த வகையிலும் முட்டாள் அல்ல. ஒரே அறையை முழுக்க ஒரு பாணியில் அலங்கரிக்க விரும்பி, இரண்டு பாணிகளைக் கலந்தால் முகம் சுளிப்பவரின் கோடு எதிர்ப்பக்கம் புடைத்திருக்கும். அவர் தேர்வில் ஒரு முரணும் இல்லை.

நான்காம்பருவம் எழுதியது:

புரிகிறது சார். ஆனால் 6, 2, 1 என்று குறைவதற்குக் காரணம், பேனா கூடக் கூட அதன் மீதான ஆசை குறைகிறது, நோட்டு குறையக் குறைய அதன் மீதான ஆசை கூடுகிறது என்பதுதானே? அது குறைந்து செல்லும் இறுதிநிலைப் பயன்பாடுதானே? வேறு பெயரில் அதையே சொல்வதாகத்தான் படுகிறது.

கணிதவழி எழுதியது:

இல்லை, இரண்டும் வேறு. வாயால் சொன்னால் நம்பிக்கை வராது, கணக்காகவே போட்டுப் பார்ப்போம்.

பேனா எண்ணிக்கையை ப என்றும் நோட்டு எண்ணிக்கையை ந என்றும் எழுதுகிறேன். விலைக்கோடு எடுத்த உதாரணத்தில் பயன்பாட்டு எண் ப × ந. நோட்டை 6இல் நிறுத்திவிட்டுப் பேனாவை மட்டும் கூட்டுங்கள்: 6, 12, 18, 24. ஒவ்வொரு பேனாவும் சரியாக 6 கூட்டுகிறது, இறுதிநிலைப் பயன்பாடு குறையவே இல்லை. ஆனாலும் கோடு குவிந்திருக்கிறது. இன்னும் போகலாம், அந்த எண்களையெல்லாம் வர்க்கப்படுத்துங்கள்: 36, 144, 324, 576. இப்போது கூடுதல் 108, 180, 252 என்று ஏறிக்கொண்டே போகிறது! ஆனால் வர்க்கப்படுத்துவதால் எது மேலே எது கீழே என்ற வரிசை மாறவில்லை, கோடுகள் அச்சு அசலாக அதே கோடுகள், பதிலீட்டு வீதம் அதே 6, 2, 1. ஒரே மனிதரின் ஒரே விருப்பத்தை இறுதிநிலைப் பயன்பாடு மாறாத எண்ணாலும் எழுதலாம், ஏறும் எண்ணாலும் எழுதலாம், மடக்கை எடுத்தால் குறையும் எண்ணாலும் எழுதலாம். ஆக, அது விருப்பத்தின் பண்பே அல்ல, நாம் தேர்ந்தெடுத்த எண்ணின் பண்பு.

இதன் மறுபக்கம்தான் பெரும்பாலோர் பார்க்காதது. இரண்டு பொருளுக்கும் இறுதிநிலைப் பயன்பாடு குறைந்துகொண்டே போகும்போதும் கோடு குவியாமல் இருக்கலாம். பயன்பாட்டு எண் இப்படி என்று வைப்போம்: 100லிருந்து, 10,000ஐ (ப² + ந²) ஆல் வகுத்து வரும் ஈவைக் கழிப்பது. 8 பேனா 11 நோட்டு என்றால் வர்க்கங்களின் கூட்டல் 64 + 121 = 185, பயன்பாடு 45.95. நோட்டை 11இலேயே வைத்து 9 பேனா, 10 பேனா என்று போனால் 50.50, 54.75. கூடுதல் 4.55, பிறகு 4.26. குறைகிறது. 11 பேனா 8 நோட்டிலிருந்து பேனாவைக் கூட்டிப் பாருங்கள்: 45.95, 51.92, 57.08. கூடுதல் 5.98, பிறகு 5.16. குறைகிறது. இரண்டு பொருளும் சமச்சீராக வருவதால் நோட்டுக்கும் இதே கணக்குதான்.

சரி, இப்போது (8, 11), (11, 8) இரண்டும் சமம், இரண்டுக்கும் 45.95. நடுவில் (9.5, 9.5) எடுங்கள். வர்க்கங்களின் கூட்டல் 180.5, பயன்பாடு 44.60. கலவை மட்டம்! கோடுகள் ஆதிப்புள்ளியை மையமாகக் கொண்ட வட்டத்தின் வில்கள், வெளிப்பக்கம் புடைத்திருக்கின்றன. இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க இரண்டு பொருளின் இறுதிநிலைப் பயன்பாடும் குறைகிறது, ஆனாலும் பதிலீட்டு வீதம் கூடுகிறது.

காரணம் குறுக்கு விளைவு. பேனா கூடும்போது பேனாவின் மதிப்பு மட்டும் மாறுவதில்லை, நோட்டின் மதிப்பும் மாறுகிறது. இந்த உதாரணத்தில் பேனா கூடினால் நோட்டின் இறுதிநிலைப் பயன்பாடு பலமாக அடிவாங்குகிறது. நான்காம்பருவம் சொன்ன "இதன் ஆசை குறையும், அதன் ஆசை கூடும்" என்ற வாதம் ஒவ்வொரு பொருளும் மற்றதைச் சட்டை செய்யாமல் தனித்தனியாகப் பயன் தருகிறது, இரண்டையும் கூட்டினால் மொத்தம் வரும் என்ற இடத்தில் மட்டும் செல்லும்.

வரலாற்றுத்தாள் எழுதியது:

அந்தக் கடைசி வரிதான் இந்த மொத்த வரலாற்றின் திறவுகோல். ஜெவான்ஸ் போன்ற முதல் தலைமுறைப் பொருளியலாளர்கள் ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பயன்பாடு, எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தம் என்றே எழுதினார்கள். அந்த உலகத்தில் குறைந்து செல்லும் இறுதிநிலைப் பயன்பாடு இருந்தாலே குவிவும் வந்துவிடும். 1881இல் எட்ஜ்வொர்த் தன் நூலில் எல்லாப் பொருள்களின் அளவையும் ஒன்றாகப் பொறுத்தது பயன்பாடு என்று பொதுமைப்படுத்தினார், சமநோக்கு வளைகோடும் அங்கேதான் வருகிறது. வியப்பு என்னவென்றால் அவர் பயன்பாட்டை அளக்க முடியும் என்று உறுதியாக நம்பியவர். அளக்கக்கூடிய ஒன்றிலிருந்து கோட்டை வரவழைத்தார்.

பரேட்டோ 1906இல் வெளியிட்ட நூலில் இதைத் தலைகீழாக்கினார்: கோடுகளையே தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், பின்னால் இருக்கும் அளவு நமக்கு எதற்கு? 1915இல் ஸ்லட்ஸ்கி இத்தாலிய இதழ் ஒன்றில் விலை மாற்றத்தின் விளைவைப் பதிலீட்டு விளைவு (மலிவான பொருளின் பக்கம் மாறுவது), வருமான விளைவு (கையில் உள்ள பணத்தின் வாங்கும் சக்தி மாறுவதால் வருவது) என்று பிரித்துக் காட்டினார், அது பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. 1934இல் ஹிக்ஸும் ஆலனும் சேர்ந்து எழுதிய கட்டுரைதான் இறுதிநிலைப் பயன்பாட்டை ஓரங்கட்டிவிட்டுப் பதிலீட்டு வீதத்தை மையத்துக்குக் கொண்டுவந்தது. 1939இல் ஹிக்ஸ் தன் நூலில் இது பழைய விதிக்குப் புதுப்பெயர் சூட்டும் வேலை இல்லை, கோட்பாட்டிலேயே செய்த மாற்றம் என்று வலியுறுத்துகிறார். ஆகவே குவிவுக்குப் பழைய விதியைக் காரணமாக எழுதும் குறிப்பேடு, 1934க்குப் பிந்தைய படத்தை வரைந்துவிட்டு 1881க்கு முந்தைய காரணத்தைக் கீழே எழுதுகிறது.

பக்கக்குறிப்பு எழுதியது:

அருமை. ஆனால் குவிவு தனி அனுமானம், யாரும் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்றால் எல்லாரும் ஏன் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? கோடு அழகாக இருக்கிறது என்பதற்காகவா?

விலைக்கோடு எழுதியது:

குவிவு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று பார்த்தால் தெரியும். கணிதவழியின் உதாரணத்தையே எடுங்கள். பேனாவுக்கும் நோட்டுக்கும் ஒரே விலை, கையில் இருக்கும் பணத்துக்கு மொத்தம் 19 வாங்கலாம் என்று வையுங்கள். விலைக்கோடு, அதாவது அந்தப் பணம் முழுவதற்கும் வாங்கக்கூடிய தொகுப்புகளைக் காட்டும் நேர்க்கோடு, வட்டவில்லைத் தொடும் இடம் (9.5, 9.5). பாடநூல் அங்கேதான் சமநிலை என்று சொல்லும், அங்கே சாய்வும் விலை விகிதமும் சமம்தான். ஆனால் அதே பணத்துக்கு (8, 11) வாங்கினால் 45.95. வெறும் நோட்டு மட்டும் 19 வாங்கினால் வர்க்கம் 361, பயன்பாடு 72.30! தொடுபுள்ளி அந்த விலைக்கோட்டிலேயே மிக மோசமான இடம். அவர் ஓரத்துக்குப் போய் ஒரே பொருளை மட்டும் வாங்குவார். விலையில் ஒரு மயிரிழை மாறினால் முழுக்க நோட்டிலிருந்து முழுக்கப் பேனாவுக்குத் தாவுவார்.

இதைத்தான் நான் வகுப்பில் அழுத்திச் சொல்வேன்: "பதிலீட்டு வீதம் = விலை விகிதம்" என்பது சமநிலைக்குப் பாதி நிபந்தனைதான். மீதிப் பாதியைக் குவிவு கொடுக்கிறது. மாணவர்கள் முதல் பாதியை எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

மனிதர்கள் நிஜத்தில் ஒரே பொருளை மட்டும் வாங்கிக்கொண்டு வாழ்வதில்லை, பலதையும் கலந்தே வாங்குகிறார்கள், விலை கொஞ்சம் மாறினால் வாங்கும் அளவும் கொஞ்சம்தான் மாறுகிறது. குவிவைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இது ஒரு நியாயமான காரணம்.

கணிதவழி எழுதியது:

இன்னொரு காரணமும் உண்டு, நடைமுறைக் காரணம். அஃப்ரியாட் 1967இல் நிரூபித்தது: ஒருவர் வெவ்வேறு விலைகளில் என்னென்ன வாங்கினார் என்ற முடிவான எண்ணிக்கையுள்ள பதிவுகள் நம்மிடம் இருக்கின்றன. தெவிட்டாத ஏதாவது ஒரு விருப்ப வரிசையால் அவற்றை விளக்க முடியும் என்றால், குவிந்த கோடுகள் கொண்ட ஒரு விருப்ப வரிசையாலும் விளக்க முடியும். அதாவது நேரான விலைக்கோட்டின் மீது செய்த தேர்வுகளை மட்டும் வைத்து "இவருடைய கோடு குவிந்ததில்லை" என்று யாரும் கண்டுபிடிக்கவே முடியாது. உள்பக்கமாகக் குழிந்து கிடக்கும் இடங்களில் அவர் ஒருபோதும் வாங்க மாட்டார் என்பதால் அவை நம் கண்ணில் படுவதில்லை. விலைக்கோடு சொன்ன தாவல்களை நான் இந்த வெளிச்சத்தில்தான் பார்ப்பேன், ஒருவர் தாவினாலும் நேர்க்கோடு போன்ற சமநோக்குக் கோடு அதை விளக்கிவிடும்.

சோதனைக்கூடம் எழுதியது:

எல்லாரும் தாளின் மீதே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையான ஆட்களிடம் இந்தக் கோட்டைத் தேடியவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கண்டது அவ்வளவு சுகமாக இல்லை.

முதலில் முயன்றவர் ஒரு உளவியலாளர், தர்ஸ்டன், 1931இல். தொப்பி, காலணி, மேலங்கி இவற்றில் வெவ்வேறு எண்ணிக்கைகளைக் காட்டி எது பிடிக்கும் என்று கேட்டு, பதில்களுக்குப் பொருந்தும் கோட்டை வரைந்தார். 1942இல் வாலிஸும் ஃப்ரீட்மனும் கற்பனைக் கேள்விக்குச் சொல்லும் பதிலை வைத்து நிஜத் தேர்வைச் சொல்ல முடியுமா என்று கடுமையாக விமர்சித்தார்கள்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது 1989இல் நெட்ச் வெளியிட்ட சோதனை. மாணவர்களில் ஒரு குழுவுக்கு ஒரு கோப்பையைக் கொடுத்துவிட்டு, வேண்டுமானால் இதற்குப் பதில் சாக்லேட் எடுத்துக்கொள்ளலாம் என்றார். 89 சதவீதம் பேர் கோப்பையையே வைத்துக்கொண்டார்கள். இன்னொரு குழுவுக்குச் சாக்லேட்டைக் கொடுத்துவிட்டுக் கோப்பை வேண்டுமா என்றார். 10 சதவீதம் பேர்தான் கோப்பைக்கு மாறினார்கள். எதையும் முதலில் கொடுக்காமல் இரண்டில் ஒன்றை எடுக்கச் சொன்ன குழுவில் 56 சதவீதம் பேர் கோப்பையை எடுத்தார்கள். சமநோக்குக் கோடு கையில் இருப்பதைப் பொறுத்து மாறாது என்றால் மூன்று குழுவிலும் ஏறக்குறைய ஒரே சதவீதம் வந்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும்போது ஒரு கோடு, அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வரும்போது வேறு கோடு என்றாகிறது. அந்த இரண்டு கோடுகளும் தொடங்கும் இடத்தில் வெட்டும்!

கடப்புத் தன்மைக்கும் சோதனை உண்டு, இது சிந்தனைச் சோதனை. லூஸ் 1956இல் எழுதியது. ஒருவருக்கு ஐந்து கட்டிச் சர்க்கரை போட்ட காப்பியைவிட ஒரு கட்டி போட்டதுதான் பிடிக்கும். 401 கோப்பைகளில் காப்பி, ஒவ்வொன்றிலும் முந்தையதைவிடக் கட்டியில் நூறில் ஒரு பங்கு மட்டும் அதிகச் சர்க்கரை. பக்கத்துப் பக்கத்துக் கோப்பைகளில் அவருக்கு வித்தியாசமே தெரியாது, ஆகவே ஒவ்வொரு ஜோடியும் சமம். கடப்புத் தன்மைப்படி முதல் கோப்பையும் கடைசிக் கோப்பையும் சமமாக வேண்டும். ஆனால் அது பொய் என்று நமக்குத் தெரியும். கணிதவழி "ருசியைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்க வேண்டியதில்லை" என்று பெருமைப்பட்ட பண்பு, நாக்கின் நுட்பத்தைப் பற்றி நிறையவே எடுத்துக்கொள்கிறது.

கணிதவழி எழுதியது:

நியாயமான அடி, ஏற்கிறேன். ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். லூஸ் காட்டுவது வித்தியாசம் தெரியாமல் இருப்பதும் சமமாக விரும்புவதும் ஒன்றல்ல என்பதை. "இதைவிட அது நல்லது" என்ற உறவுக்குக் கடப்புத் தன்மை அங்கே அப்படியே இருக்கிறது, "சமம்" என்ற உறவுதான் தளர்கிறது. அப்போது கோடு மெல்லியதாக இராமல் தடிமனாகும், பக்கக்குறிப்பு கேட்ட பட்டை அதுதான், அதுவும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பட்டைகள். நெட்ச் காட்டுவது அதைவிட ஆழமான பிரச்சினை: விருப்பம் எங்கிருந்து புறப்படுகிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. அதற்கு ஒரே படம் போதாது, தொடக்கப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வேண்டும்.

விலைக்கோடு எழுதியது:

சோதனைக்கூடத்துக்கு நன்றி. இதை வைத்துச் சமநோக்கு வளைகோட்டையே தூக்கிப் போட வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எந்தப் பண்பு எந்த அனுமானத்தில் நிற்கிறது என்று பிரித்து வைத்திருப்பதால்தான், சோதனை எதை உடைத்தது என்று நம்மால் சொல்லவே முடிகிறது. கோப்பைச் சோதனை குவிவை ஒன்றும் செய்யவில்லை, சரிவையும் ஒன்றும் செய்யவில்லை. ஆறையும் ஒரே மூட்டையாகக் கட்டி மனப்பாடம் செய்தவருக்கு இது தெரியாது.

அச்சு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அச்சைத் தொடாது என்பது ப × ந மாதிரியான உதாரணங்களுக்கு மட்டும் உண்மை, அங்கே ஏதாவது ஒன்று சுழியம் ஆனால் எல்லாமே சுழியம். முழுமையான பதிலிகள் (ஒன்றுக்கு மற்றது எப்போதும் ஒரே விகிதத்தில் ஈடாகும் பொருள்கள்) என்றால் கோடு நேர்க்கோடு, இரண்டு அச்சையும் வெட்டும். ஒரு அச்சில் ஒரு பொருளையும் மற்றதில் மீதிச் செலவுக்கான பணத்தையும் வைத்தால், அந்தப் பொருளே வாங்காமல் பணத்தை வைத்திருப்பவர் பண அச்சிலேயே நிற்கிறார். எத்தனையோ பொருள்களை நாம் வாங்குவதே இல்லை, அத்தனைக்கும் நாம் அச்சின் மேல்தான் இருக்கிறோம். ஆகவே இதைப் பண்பு என்று எழுதுவதைவிட, இரண்டையும் ஓரளவாவது வாங்குகிறார் என்று வசதிக்காக எடுத்துக்கொண்டோம் என்று எழுதுவது நேர்மை. இணையாக இருக்க வேண்டியதில்லை என்பது பண்பின் இன்மை, அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பக்கக்குறிப்பு எழுதியது:

ஒரு கடைசிச் சந்தேகம். முழுமையும் கடப்புத் தன்மையும் "அதிகம் நல்லது" என்பதும் எல்லாம் இருந்தும் கோடே வராத ஆள் உண்டா?

கணிதவழி எழுதியது:

உண்டு. அகராதி வரிசையில் விரும்புபவர். முதலில் பேனா எண்ணிக்கையை மட்டும் பார்ப்பார், பேனா ஒரு துளி அதிகம் இருந்தால் அதுதான் நல்லது, நோட்டு எத்தனை என்று கவலையே இல்லை. பேனா சமமாக இருந்தால் மட்டும் நோட்டைப் பார்ப்பார். இவருக்கு எந்த இரண்டு வெவ்வேறு தொகுப்பும் சமம் ஆகாது, ஒவ்வொரு புள்ளியும் தன்னந்தனியாக நிற்கும். எவ்வளவு நோட்டு கொடுத்தாலும் பேனாவில் இழந்த துளியை ஈடுகட்ட முடியாது. இந்த வரிசையை எந்தப் பயன்பாட்டு எண்ணாலும் எழுத முடியாது என்று டெப்ரூ 1954இல் காட்டினார். இங்கே இல்லாமல் போனது தொடர்ச்சித் தன்மை: தொகுப்பைக் கொஞ்சம் அசைத்தால் விருப்பமும் திடீரென்று தலைகீழாகக் கூடாது என்ற நிபந்தனை. பாடநூல் பட்டியலில் இதற்கு இடமே இல்லை, ஆனால் கோடு என்ற ஒன்று இருப்பதே இதை நம்பித்தான்.

நான்காம்பருவம் எழுதியது:

இத்தனை விளக்கத்துக்கும் எல்லாருக்கும் நன்றி. கலவைக் கணக்கை நானே 10 பேனா 9 நோட்டு வைத்தும் போட்டுப் பார்த்தேன், 181, பயன்பாடு 44.75, நடுவைவிட அதிகமாகத்தான் வருகிறது. ஒன்று மட்டும்: தேர்வில் "குவிவுக்குக் காரணம் தருக" என்று வந்தால் என்ன எழுதுவது? அப்புறம் ட வடிவத்தில் மூலையில் பதிலீட்டு வீதம் எவ்வளவு?

விலைக்கோடு எழுதியது:

"இறுதிநிலைப் பதிலீட்டு வீதம் குறைந்துகொண்டே செல்வதால்" என்று எழுதி, 6, 2, 1 மாதிரி ஒரு அட்டவணையைப் போட்டு, இது நுகர்வோர் கலவையை விரும்புகிறார் என்ற அனுமானம் என்று ஒரு வரி சேருங்கள். அதற்கு மதிப்பெண் குறைக்க யாராலும் முடியாது. இறுதிநிலைப் பயன்பாட்டு விதியை அந்த விடையில் கொண்டுவர வேண்டாம்.

மூலையில் வீதம் என்று ஒற்றை எண் கிடையாது. செங்குத்துப் பகுதியில் எல்லையில்லாதது, கிடைப் பகுதியில் சுழியம், மூலையில் எந்தச் சாய்வுள்ள விலைக்கோடும் வந்து உட்காரும். அதனால்தான் காலணி விலைகளின் விகிதம் எப்படி மாறினாலும் அவர் ஜோடி ஜோடியாகவே வாங்குவார், பதிலீட்டு விளைவு சுழியம், மாறுவதெல்லாம் வருமான விளைவால் எத்தனை ஜோடி என்பது மட்டும்தான்.